பச்சையம்மாள் கொட்டகைக்கு லைட் போட்ட கதை

"என் பிள்ளைக்குப் பயம் தெளியணும்மா. அதுக்கு என்ன வழி?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டான் தணிகாசலம்.

அவன் சட்டையின் பின்பக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள் மகள் சஷ்டிகா. இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. கண்ணுக்குக் கீழே மை வழிந்து காய்ந்தது போலக் கறுத்துக் கிடந்தது.

பச்சையம்மாள் நிமிரவில்லை. முழங்கை வரை தண்ணீருக்குள் கையை விட்டு, பாசி படிந்த ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்ன பயம்?"

"எல்லாப் பயமும்தான். குக்கர் விசில் அடிச்சா துள்ளுறா. பின்னாடி யாராவது வந்தா அலறுறா. ஸ்கூல்ல டீச்சர் கேள்வி கேட்டா பதில் சொல்லாம தூங்கி விழுறாளாம். ராத்திரி மட்டும் தூக்கம் வர மாட்டேங்குது."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டியாச்சு. உடம்புல ஒண்ணும் இல்லையாம். தாயத்து கட்டியாச்சு. மசூதியில ஓதி வாங்கியாச்சு. வேப்பிலை அடிச்சாச்சு. அந்த வேப்பிலைக்கும் சேர்த்துப் பயப்படுறா."

பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா பயந்த பிள்ளைகளுக்குத் திருநீறு போடுகிறவர். அவர் போன பிறகும் ஜனம் அதே வாசலுக்கு வருவதை நிறுத்தவில்லை. அவளோ பின்கட்டில் கொட்டகை போட்டு வண்ணமீன் வளர்க்கிறவள். தணிகாசலத்தைவிட வயதில் சின்னவள். வருகிறவர்களிடம் ஏதோ இரண்டு வார்த்தை பேசுவாள், ஏதாவது ஒரு வேலை கொடுப்பாள். பிள்ளை தெளிந்துவிடும். எப்படி என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும், மீனைக் கேளுங்க" என்பாள்.

"பாப்பா, உள்ளே போய் மீன் பாரு. தொட்டியைத் தட்டாதே" என்றாள்.

சஷ்டிகா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டிய பிறகுதான் சட்டையை விட்டாள்.

பிள்ளை உள்ளே போகும் வரை காத்திருந்து பச்சையம்மாள் கேட்டாள்.

"ராத்திரி யார்கூடப் படுக்கிறா?"

"என்கூடத்தான். வீட்டுக்காரிக்கு ஷூ கம்பெனியில நைட் ஷிப்ட்."

"நல்லாப் பார்த்துக்கிறீங்களாண்ணா?"

"பார்த்துக்கிறேனாவா!"

 கொட்டகைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"இவளுக்கு மேல ஒரு பையன் இருந்தான். காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்னுதான் சொன்னாங்க. என் பக்கத்துலதான் படுத்திருந்தான். லைட்டை நான்தான் அணைச்சேன். விடிஞ்சதும் எழுப்புறேன்..."



பச்சையம்மாள் ஸ்பாஞ்சைக் கீழே வைத்தாள்.

"கையெட்டுற தூரம்மா. எனக்குத் தெரியலை."

அவள் ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"அதிலிருந்து இவளை நான் விடுறதே இல்லை. அப்பப்போ எழுந்து டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். நெஞ்சு ஏறி இறங்குதான்னு. சில நேரம் ஏறவே ஏறாது. கல்லு மாதிரிக் கிடப்பா. எனக்கு அப்பவே பாதி உசுரு போயிடும். தோளைப் பிடிச்சு உலுக்குவேன். அலறிக்கிட்டு எழுந்திரிப்பா. அந்த அலறல் கேட்டாத்தான் எனக்கு மூச்சு வரும்."

அவன் இடுப்பில் அந்த டார்ச் இருந்தது. பெல்ட்டில் செருகி, கயிறு போட்டுக் கட்டியிருந்தான். பட்டப்பகல் பத்து மணி வெயில்.

பச்சையம்மாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன தொழில்ணா?"

"லைட் செட். கல்யாணம், காதுகுத்து, திருவிழா. சீரியல் செட்டு, ஃபோகஸ், எல்லாம் நம்ம கிட்ட இருக்கு."

"நல்லதாப் போச்சு. என் கொட்டகைக்கு லைட் இல்லை. வாங்குறவங்க வந்தா மீன் தெரிய மாட்டேங்குதுன்னு புலம்புறாங்க. போட்டுக் கொடுங்க."

"போடுறேம்மா. அதுக்கென்ன. முதல்ல பிள்ளைக்கு விபூதி..."

"லைட் போடுங்கண்ணா."

 வலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தணிகாசலத்துக்கு எரிச்சலாக இருந்தது. பிள்ளையைக் காட்ட வந்த இடத்தில் ஓசி வேலை. ஆனாலும் வண்டியின் பெட்டியைத் திறந்தான். வயர், ஹோல்டர், டெஸ்டர். மண்டபத்து வாசலில் பொண்ணு மாப்பிள்ளை பெயருக்கு மேலே மாட்டுகிற ஃபோகஸ் லைட் ஒன்றும் இருந்தது.

கொட்டகைக்குள் நுழைந்தான்.

மேலே ஓலை. ஓலைக்கு மேலே கறுப்புத் தார்ப்பாய். சுற்றிலும் சாக்குப் படுதா. பகல் முழுவதையும் வெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தது அந்தக் கொட்டகை. பாசி வாடை. ஏர் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்க, எங்கெங்கோ தண்ணீர் குமிழியிட்டது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சஷ்டி!"

பதில் இல்லை.

"சஷ்டி! எங்கே இருக்கே?"

கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

"இங்கதாம்பா" என்றது ஒரு குரல், அவன் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்தே.

அவனுக்கு வியர்த்துவிட்டது. 'இந்தப் பொம்பளை எப்படித்தான் இந்தக் குகையில கிடக்கிறாளோ' என்று நினைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினான்.

நடுவில் இருந்த பெரிய கண்ணாடித் தொட்டிக்கு மேலே ஃபோகஸைக் கட்டினான். தொட்டிக்குள் ஏஞ்சல் மீன்கள் இருப்பதாகச் சொன்னாள் பச்சையம்மாள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த சில நிழல்கள்தான்.

"தள்ளி நில்லு கண்ணு. அம்மா, பாருங்க. நம்ம லைட் போட்டா ராத்திரிகூடப் பகலாயிடும்."

சுவிட்சைத் தட்டினான்.

தொட்டிக்குள் யாரோ வெடி வைத்தது போலிருந்தது.

மீன்கள் எல்லாத் திசையிலும் பாய்ந்தன. கண்ணாடியில் முகம் மோதுகிற சத்தம், டப், டப் என்று கேட்டது. ஒன்று எகிறி மேல்மூடியில் அடித்து விழுந்தது. தண்ணீர் தணிகாசலத்தின் முகத்தில் தெறித்தது. சஷ்டிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பிறகு சட்டென்று எல்லாம் அடங்கிற்று.

மீன்கள் மூலைக்கு மூலை ஒட்டிக்கொண்டு நின்றன. அடியில், கூழாங்கல் மேல், எல்லாவற்றிலும் பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. உடம்பில் இருந்த கறுப்புக் கோடெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. செவுள் அசையவில்லை.

"ஐயோ, செத்துப்போச்சும்மா!"

சட்டைக் கையோடு தொட்டிக்குள் கையை விட்டான். அதைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினால் என்று நினைத்தான்.

பச்சையம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மீன் வலை தூக்கிக் காய்த்த கை. அவனால் அசைக்க முடியவில்லை.

"கையை எடுங்க."

"அசையலையேம்மா!"

"அசையலை. அவ்வளவுதான் நீங்க பார்த்தது."

அவள் சுவிட்சை அணைத்தாள். கொட்டகை மறுபடியும் இருண்டது. முன்னைவிட அதிக இருட்டாகத் தெரிந்தது.

"செத்ததை எடுத்துப் போடாம விட்டா மத்ததும் கெட்டுப்போகாதா?" என்றான் தணிகாசலம்.  தன்னால் ஓர் உயிர் போயிற்று என்பது அவனுக்குத் தாங்கவில்லை. அதுவும் இவள் கண்ணெதிரே. இனி இவள் எங்கே பிள்ளைக்குத் திருநீறு போடப் போகிறாள்?

"அது செத்துப்போகலை அத்தை" என்றாள் சஷ்டிகா, இருட்டுக்குள்ளிருந்து.

"அப்படியா?"

"மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அப்படித்தான் பண்ணுவேன்."

"எப்போ?"



பிள்ளை சொன்னது தணிகாசலத்தின் காதில் விழுந்தது. ஆனால் அவன் மனசெல்லாம் அந்த வெளுத்த மீனிலேயே இருந்தது.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். மோட்டார் உறுமியது. 

ரொம்ப நேரம் கழித்துப் பச்சையம்மாள் வாசல் பக்கம் நடந்துபோய், சாக்குப் படுதாவை ஒரு சாண் ஒதுக்கினாள். வெளிச்சம் ஒரு கோடாகத் தரையில் விழுந்தது. தொட்டி வரைக்கும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஒதுக்கினாள். இன்னும் கொஞ்சம்.

தொட்டிக்குள் நிழல்களுக்கு உருவம் வந்தது. உருவத்துக்கு நிறம் வந்தது.

அடியில் கூழாங்கல் மட்டும்தான் இருந்தது. பெரிய மீன், கோடெல்லாம் திரும்பி வந்து, மற்ற மீன்களுக்கு நடுவில் செங்குத்தாக நின்றது. வாயைத் திறந்து திறந்து மூடி எதையோ மென்றது.

தணிகாசலம் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டான்.

"பொழைச்சுதே!"

"செத்தாத்தானே பொழைக்கிறதுக்கு."

"அப்போ பயம் காட்டாம லைட் போடுறது எப்படிம்மா?"

"என்னைக் கேட்டா? லைட்காரர் நீங்க."

இதை அவள் கிண்டலாகச் சொன்னாளா நிஜமாகச் சொன்னாளா என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் தணிகாசலம் விடுகிற ஆள் இல்லை. ஃபோகஸைக் கழற்றி வெளியே வைத்தான். பெட்டியைக் கிளறி மஞ்சள் குண்டு பல்பு ஒன்றை எடுத்தான். அதைத் தொட்டிக்கு மேலே மாட்டாமல், தள்ளி, வாசல் தூணில் மாட்டினான். ஃபேனுக்கு வைக்கிற ரெகுலேட்டர் ஒன்று கிடந்தது. அதை நடுவில் கோர்த்தான்.

ரெகுலேட்டரை ஓர் இம்மி திருப்பினான். பல்புக்குள் கம்பி சிவந்தது. அவ்வளவுதான். காத்திருந்தான். இன்னும் இம்மி.

மீன்கள் ஒரு தடவை விசிறிபோல் விரிந்து, மறுபடியும் சேர்ந்துகொண்டன.

இன்னும் இம்மி.

சஷ்டிகா கண்ணாடி மேல் ஒரு விரலை வைத்தாள். ஏஞ்சல் ஒன்று அருகில் வந்து விரலை மோந்து பார்த்தது. பிறகு இன்னொன்று. பிறகு அந்தப் பெரிய மீன்.

"அப்பா! என் விரலைத் தின்ன வருதுப்பா!"

சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை அவன் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அவனும் சிரித்தான். வேலை முடிந்தது, இனி திருநீறு வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று எழுந்தான்.

"லைட் போட்டாச்சும்மா."

"போட்டாச்சு."

"அப்போ விபூதி?"

"சாப்பிட்டுட்டுப் பேசலாம். பாப்பாவுக்குத் தயிர்சோறு கொடுக்கிறேன். நீங்களும் கைகழுவிட்டு வாங்க." வாசல் வரை போனவள் திரும்பினாள். "பின்னாடி மூலையில ஒரு சின்னத் தொட்டி இருக்கு. அங்கே மட்டும் லைட் வேண்டாம். ஜோடி முட்டை வச்சிருக்கு."

அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

சோறு தின்றுவிட்டுப் பச்சையம்மாள் பின்வாசலில் மீன் கட்டப் போனாள். பாலிதீன் பையில் தண்ணீர், அதில் மீன், அதற்குமேல் காற்று. சாயங்கால பஸ்ஸில் போக வேண்டிய சரக்கு. சஷ்டிகா ரப்பர் வளையம் எடுத்துக் கொடுக்கிறேன் என்று அவள் பின்னாலேயே போனாள்.

தணிகாசலம் பல்பை மெல்ல அணைத்துவிட்டு வயரைச் சுற்றி வைத்தான். ஸ்க்ரூவை முடுக்கினான். வேறு வேலை இல்லை.

மூலையில் இருந்த தொட்டி அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு தடவை என்று போனான். டார்ச்சை உள்ளங்கையால் பாதி மூடி அடித்தான்.

ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ரவையை ஒட்டி வைத்தது போல முட்டைகள். இரண்டு ஏஞ்சல்கள், எது ஆண் எது பெண் என்று சொல்ல முடியவில்லை, முட்டைகளுக்கு முன்னால் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் இரண்டும் வெட்டி இழுத்தாற்போல் பின்வாங்கின.

உடனே அணைத்தான். 'பத்திரமாத்தான் இருக்கு.'

திரும்பி வந்தான். உட்கார்ந்தான்.

அந்த முட்டைகளில் ஒன்று வெள்ளையாக இருந்ததோ? மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்க, அது மட்டும் ஏன் வெள்ளை? கெட்டுப்போனதா? ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் கெட்டுவிடுமே. இவளிடம் சொல்லலாமா? சொன்னால், அங்கே ஏன் போனாய் என்பாள்.

இன்னொரு தடவை போய்ப் பார்த்தான். வெள்ளைதான்.

அது பரவுகிறதா என்று பார்க்க மறுபடியும் போனான்.

ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு மீனும் துடித்து ஒதுங்கின. ஒவ்வொரு தடவையும், 'நான் ஒண்ணும் பண்ணலை, பத்திரமா இருக்கான்னுதான் பார்க்கிறேன்' என்று அவற்றுக்குச் சொல்வது போலத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டான்.

அடுத்த தடவை டார்ச் அடித்தபோது அவை ஒதுங்கவில்லை.

ஒரு மீன் பைப்பை நெருங்கிற்று. முட்டையில் வாயை வைத்தது. ஒன்றை எடுத்தது. அடுத்ததை எடுத்தது. வரிசையாக, நிதானமாக, துடைத்துக்கொண்டே வந்தது. இன்னொரு மீன் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கிற்று.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது டார்ச் கையில் குதித்தது.

"அம்மா! அம்மா! ஓடி வாங்க! தின்னுது! தன் முட்டையைத் தானே தின்னுது!"

பச்சையம்மாள் ஈரக் கையோடு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். பைப் சுத்தமாக, வழவழவென்று நின்றது. அவன் கையில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

அவள் திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எதையும் தொடலைம்மா. சத்தியமா. பத்திரமா இருக்கான்னுதான் பார்த்தேன்."

"எத்தனை தடவை?"

அவன் டார்ச்சை அணைத்து இடுப்பில் செருகினான்.

"அதுங்களும் பத்திரமா இருக்கணும்னுதான் வாயில எடுத்திருக்கும்ணா" என்றாள். "ஏதோ வந்துட்டுது, ஏதோ ஆகப் போகுதுன்னு எடுத்திருக்கும். பயம் வந்துட்டா, வாயில வச்சுக் காக்கிறதுக்கும் முழுங்கிடுறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இல்லை."

சொல்லிவிட்டு, காலியான பைப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவ்வளவுதான். சரக்குக் கட்டப் போய்விட்டாள்.

தணிகாசலம் கொட்டகைக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான்.  கண்ணை மூடினால் அந்த மீனின் வாய் வந்து வந்து போயிற்று.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ. நிமிர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பச்சையம்மாள் கட்டிய பைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தனியாக.

"சஷ்டி எங்கே?"

"உங்ககிட்டத்தான் வந்தா."

"என்கிட்ட வரலையே!"

எழுந்தான். வாசலில் இல்லை. வண்டியருகில் இல்லை. கிணற்றடிக்கு ஓடிப் பார்த்தான். கிணறு கம்பி வலை போட்டு மூடிக் கிடந்தது. அப்படியும் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் வந்தான்.

"சஷ்டி! சஷ்டிகா!"

பச்சையம்மாள் கொட்டகையின் படுதாவைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

"தொட்டி இடுக்குல சாக்கு மேல படுத்திருக்கா. தூங்குறா போல."

"தூங்குறாளா?"

பகலில், தெரியாத இடத்தில், அந்த இருட்டில், தானாகப் போய் அவள் தூங்குகிறாள் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. நம்ப முடியாதது உடனே வேறொன்றாக மாறிற்று.  பையன் போன அன்றைக்கும் இப்படித்தான். 'தூங்குறான், தூங்கட்டும்' என்றுதான் அன்றைக்கும் சஷ்டியின் அம்மா சொன்னாள்.

டார்ச்சை உருவிக்கொண்டு ஓடினான்.

வாசலில் பச்சையம்மாள் நின்றாள். நகரவில்லை.

"வழி விடுங்கம்மா."

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்க்க.

"என்னம்மா?"

கை அப்படியே இருந்தது.

"பார்க்கணும்மா. ஒரே தடவை. மூச்சு வருதான்னு மட்டும் பார்த்துட்டு..."

அவள் வெறுமனே நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டு அவன் காத்திருந்தானே, அப்படிக் காத்திருந்தாள்.

தணிகாசலம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.  டார்ச்சை அவள் கையில் வைத்தான். அது போனதும் பாதி உடம்பே போன மாதிரி இருந்தது.

உள்ளே போனான். படுதா அவனுக்குப் பின்னால் விழுந்தது.

இருட்டு.

பெரிய தொட்டியைக் கையால் தடவிக்கொண்டு நடந்தான். சாக்கு காலில் தட்டிற்று. மண்டியிட்டான். கையை நீட்டினால் ஒரு சின்னப் பாதம் தட்டுப்பட்டது. சூடாகத்தான் இருந்தது. சூடு என்ன சூடு? அந்தப் பையனும் விடியும்போது இன்னும் சூடாகத்தான் இருந்தான்.

காது கொடுத்துக் கேட்டான். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே ஒரு சுவிட்ச் 'டக்'கென்றது. மோட்டார் நின்றது. குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

இப்போது கேட்டான்.

மூச்சுச் சத்தம் இல்லை.

இன்னும் குனிந்தான். தன் மூச்சை நிறுத்திக் கேட்டான்.

இல்லை.

 கை தானாக அவள் தோளுக்குப் போயிற்று. பிடித்துவிட்டது. இனி உலுக்க வேண்டியதுதான்.

தோள் கல்லாக இருந்தது. தூங்குகிற பிள்ளையின் தோள் அப்படி இருக்காது. செத்த பிள்ளையின் தோளும் அப்படி இருக்காது. அது அவனுக்குத் தெரியும்.

கையடியில் இருந்தது, கூழாங்கல் மேல் சாய்ந்து கண் திறந்து கிடந்த அந்த மீனைப் போல ஏதோ ஒன்று.

நானும் அப்படித்தான் பண்ணுவேன்.

எப்போ?

தணிகாசலம் கையை எடுத்தான். ஒவ்வொரு விரலாக எடுத்தான். பின்னால் நகர்ந்து, ஈரத் தரையில், தொட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அவனுக்குப் பயம் போகவில்லை.  அந்தப் பயத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

முதுகுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மீன்கள் மெல்லத் திரும்புவது தண்ணீரில் கேட்டது.

"அப்பாதான் கண்ணு" என்றான், இருட்டைப் பார்த்து.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு சின்னக் குரல்.

"டார்ச் எங்கேப்பா?"

"அத்தைகிட்டக் கொடுத்துட்டேன்."

அடக்கி வைத்திருந்த ஒரு மூச்சு இருட்டுக்குள் நீளமாக வெளியே வந்தது.